பள்ளி வேனின் முன் இருக்கையில் தொடங்கிய கம்பெனி

என் கம்பெனியின் முதல் அலுவலகம் ஒரு பள்ளி வேனின் முன் இருக்கைதான். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசலுக்கு, தெருவிளக்குகள் அணைவதற்கு முன்பே அந்த வேன் வந்துவிடும். என் மகள் பின்னால் ஏறித் தோழிகளோடு உட்கார்ந்துகொள்வாள். நான் முன்னால் ஏறி, மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொள்வேன். வேனை ஓட்டுபவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்த பெண்மணி. பிள்ளைகளும் பெற்றோர்களும் அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே.

“வேல போச்சுன்னா கொஞ்ச நாளு நல்லா தூங்கலாம்லா. என்கூட வந்து ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிறியே,” என்பார்.

“உங்க வேலையப் பாத்தாதான்க்கா எனக்கு வேல கிடைக்கும்.”

அது அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் முன் இருக்கையில் கிடந்த தண்ணீர்ப் புட்டிகளையும் மறந்துபோன பள்ளிக் காலணிகளையும் பின்னால் தள்ளி, எனக்கு இடம் செய்து வைத்திருந்தார்.

அதற்குமுன் நான் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். நல்ல வேலை. தினமும் பாலத்தைக் கடந்து போய் வருவதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. ஒருநாள் எங்கள் பிரிவையே வேறொரு நாட்டுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். இழப்பீட்டுத் தொகை கொடுத்து, கேக் வெட்டி, வழியனுப்பினார்கள். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வேறு தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். எனக்கு மட்டும், சொந்தமாக ஒரு மென்பொருள் செய்து, இணையத்தில் வைத்து, அதைச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஆட்களைச் சம்பாதிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசை பழையது, கையில் முதலாகப் போடப் பணம் இருப்பதுதான் புதிது.

என் கணவரும் பிறையில்தான், வேறொரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். நான் பயந்து பயந்து சொன்னதைச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்.

“வீட்டுக் கடன் கட்டற பணத்தையும் பிள்ளை பேர்ல போட்டு வச்சிருக்கறதையும் தொடாத. மிச்சம் உன்னோடது. ஒரு வருஷம் செஞ்சி பாரு. ஒண்ணும் ஆவலன்னா வேல தேடு. அந்த ஒரு வருஷம் நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

சொன்னபடி அவர் கேட்கவும் இல்லை. சொந்தப் பணத்தில் தொழில் தொடங்குவது எப்படி என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டால், அந்தச் சாப்பாட்டு மேசையைத்தான் முதலில் சொல்கிறேன். எவ்வளவு போகலாம், எவ்வளவு காலம் போகலாம் என்பதை வீட்டில் இருப்பவர்களோடு தெளிவாகப் பேசி முடித்துவிட்டால், அப்புறம் பயம் பாதியாகிவிடுகிறது. மிச்சப் பாதி வேலைக்கு உதவும்.

முதல் மூன்று மாதம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பேருந்து கம்பெனிகளுக்காகப் பெரியதாக ஒன்று கட்டினேன். வரைபடம், எண்ணெய்ச் செலவு, ஓட்டுநர் சம்பளம், டயர் மாற்றும் நாள் என்று அதில் இல்லாதது இல்லை. கொண்டுபோய் ஒரு பேருந்து கம்பெனி அதிகாரியிடம் காட்டினேன். கோப்பி வாங்கிக் கொடுத்தார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். பிறகு அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தபோது, “அழகா இருக்கு, ஆனா எங்களுக்கு இதுல என்ன பிரச்சினை தீருதுன்னு தெரியல மேடம்,” என்றார். நியாயமான பேச்சு. அவருக்கு என்ன பிரச்சினை என்று நான் கேட்டிருக்கவே இல்லையே.

அதனால்தான் வேனில் ஏறினேன். என் மகளை ஏற்றிப்போகிறவர் என்ன பாடு படுகிறார் என்றாவது பார்ப்போமே என்று.

இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஒரு தரைவீட்டின் வாசலில் வேன் நின்றது. அக்கா ஹார்ன் அடித்தார். ஆள் இல்லை. மறுபடி அடித்தார். பின்னால் கார்கள் வரிசை கட்டின. கடைசியில் ஈரத் தலையில் துண்டோடு ஓர் அம்மா ஓடிவந்து, “பையனுக்குக் காய்ச்சல்க்கா, மெசேஜ் போட்டேனே பாக்கலியா?” என்றார். மெசேஜ் போட்டிருந்தார், உண்மைதான். பெற்றோர் குழுவில், ரோஜாப் பூ வைத்த காலை வணக்கப் படங்களுக்கும், யாரோ தொலைத்த காலுறை பற்றிய விசாரணைக்கும் நடுவில் அது கிடந்தது. வேன் ஓட்டுகிறவர் அதைத் தேடிப் படிப்பது எப்படி? அதே காலையில் இன்னும் இரண்டு வீட்டில் அதே கதை. பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்: “நாளைக்கு எந்தப் பிள்ளை வரலன்னு பெத்தவங்களே அமுக்கி, அது ஒரே பக்கத்துல தெரிஞ்சா போதுமாக்கா?”

“தெரிஞ்சா நல்லதுதான். ஆனா எவ வந்து அமுக்கப் போறா? நீ சும்மா கஷ்டப்படாத.”

ஒரு வாரத்தில் செய்துவிட்டேன். பெற்றோர் தங்கள் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து, ‘நாளை வரவில்லை’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. அமுக்கினால் அந்த வீடு அக்காவின் பயண வரிசையிலிருந்து மறைந்துவிடும். அக்கா சொன்ன மாதிரியே யாரும் அமுக்கவில்லை. பக்கத்தின் முகவரி யாருக்கும் ஞாபகம் இருக்கவில்லை. பிறகு, தினமும் மாலையில் பெற்றோர் குழுவுக்கே அந்த இணைப்பு போய் விழும்படி செய்தேன். மறுநாள் காலையில் ஹார்ன் சத்தமில்லாமல் ஒரு வீட்டைத் தாண்டிப் போனோம். அக்கா கண்ணாடியில் அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“நெசமாவே வரல பாரு,” என்றார், ஏதோ மந்திரம் பார்த்ததுபோல.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. காசு கேட்பது. தொழிற்சாலையில் மாதம் முடிந்தால் சம்பளம் தானாக வந்துவிடும். யாரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை. அக்காவோ என் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர், முன் இருக்கையைச் சும்மா கொடுத்தவர். இலவசமாகவே இருக்கட்டும் என்றேன் கணவரிடம்.

“சும்மா குடுத்தா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. காசு குடுத்தவங்கதான் சொல்லுவாங்க. உனக்கு இப்ப குறைதான வேணும்?” என்றார் அவர்.

மறுநாள், பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, காலி வேனில், மாதம் முப்பது மலேசிய வெள்ளி என்று ஒருவழியாகச் சொன்னேன். அக்கா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இருபத்தஞ்சி.”

“சரிக்கா.”

“என்னா இப்படி உடனே சரிங்கற? நீ எப்படி வியாபாரம் செய்யப் போற? முப்பதே எடுத்துக்க.”

கணவர் சொன்னது பலித்தது. அன்று மத்தியானமே அக்காவின் குறைகள் தொடங்கின. எழுத்து பொடியாக இருக்கிறது. வெயிலில் திரை தெரியவில்லை. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கு அமுக்கினால் இரண்டு பேரும் மறைந்துபோகிறார்கள். ஊதா நிறம் வேண்டும். வேன் போகும்போது அதிலேயே பாட்டுப் பாட வைக்க முடியுமா? ஊதாவையும் பாட்டையும் தவிர எல்லாவற்றையும் செய்தேன். மாலையில் வேலை முடிந்து வந்ததும் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “இன்னைக்கு யாராச்சும் திட்டுனாங்களா?” என்று கேட்பார். ஆமாம் என்றால் அவருக்குச் சந்தோஷம்.

அக்காதான் மற்ற வேன்காரர்களிடம் என்னைக் கூட்டிப்போனார். பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில் அவர்களுக்குள் பேச்சு நடக்கும். அப்படியே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீன மாமா சேர்ந்தார். அவருக்காகச் சீனத்தில் ஒரு பக்கம் தேவைப்பட்டது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆசிரியை மொழிபெயர்த்துக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பாத்திரம் மீன் குழம்பு வாங்கிக்கொண்டார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் இருந்தார். நிறைய வேன்கள் வைத்திருப்பவர். அவருடைய தம்பியின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மூலையில் ஒரு மேசைதான் அவருக்கு ஆபீஸ். நான் போனதும் ஒரு தட்டு நிறைய சோறும் கோழியும் வந்தது.

“மொதல்ல சாப்பிடு தங்கச்சி. வயிறு காலியா வச்சிக்கிட்டு வியாபாரம் பேசக்கூடாது.” கைப்பேசியில் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பேரன்ட்ஸ்ல பாதிக்கு மேல மலாய்க்காரங்க. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டா யாரு படிப்பா?”

“அடுத்த வாரம் மலாய்ல வந்துரும்ண்ணே.”

“ஒங்க கம்பெனியில கேக்காம நீயே சொல்லிட்டியே. மேனேஜர் ஏச மாட்டாரா?”

என்னை யாரோ விற்பனைக்கு அனுப்பிய பெண் என்று நினைத்துவிட்டார். அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் இணையப் பக்கத்தில், எல்லாக் கம்பெனிகளும் எழுதுவதைப்போல, ‘எங்கள் குழு உங்களுக்கு உதவக் காத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து செய்கிறாள் என்றால் பிள்ளைகளின் விவரத்தை யார் நம்பிக் கொடுப்பார்கள் என்று ஒரு எண்ணம். அவர் சேர்ந்துகொண்டார். அதன்பிறகு வாரம் தவறாமல் அழைப்பார். “ஒங்க மேனேஜர்கிட்ட சொல்லு தங்கச்சி, அந்தச் செவப்பு எழுத்து கண்ணக் குத்துது. அவருக்குக் கண்ணு இருக்கா இல்லையா?” சொல்கிறேன் அண்ணே என்பேன்.

அந்தச் சமயத்தில், தொழிற்சாலையில் எனக்கு மேலே இருந்த ஒருவர் கோலாலம்பூரிலிருந்து வந்தார். இப்போது அவர் தொழில்களில் பணம் போடும் வேலை செய்கிறார். நல்ல மனிதர், என்னைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர். பணம் தருகிறேன், ஆட்களை வை, ஒரே ஆண்டில் நாடு முழுவதும் போய்விடலாம் என்றார். இரண்டு நாள் தலை சுற்றியது. ஆனால் நான் செய்த ஒவ்வொரு நல்ல மாற்றமும், யாருடனோ வேனில் உட்கார்ந்தபோதோ, யாரிடமோ திட்டு வாங்கியபோதோ வந்தது. அதை வேகமாகச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். “நீ தப்பு செய்யிறன்னு நெனைக்கிறேன். ஆனா தப்பா இருந்தாலும் உன்னோட தப்பா இருக்கட்டும்,” என்று சிரித்துக்கொண்டே போனார். இன்றும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

பள்ளி திறக்கும் வாரம் எங்கள் தொழிலில் திருவிழா மாதிரி. புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், தொடக்கப்பள்ளி முடித்த ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், வரிசைகளை மாற்ற வேண்டும். அந்த வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் வலி. டிங்கி என்றார்கள், கொசு கடித்து வரும் டெங்குக் காய்ச்சல். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஒரு கையில் ட்ரிப், மறு கையில் கைப்பேசி. அது ஓயாமல் அடித்தது. ஒரு தாதி வந்து, அதை என் கையிலிருந்து எடுத்து என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கணவருக்கு நிரல் எழுதத் தெரியாது. என்ன செய்வார் பாவம். வாடிக்கையாளர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி போட்டார்: ‘இந்தக் கம்பெனியில் வேலை செய்வது என் மனைவி ஒருவர்தான். டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எனக்கு இந்த வேலை தெரியாது. மன்னிக்கவும்.’ அதை மலாயிலும் இங்கிலீஷிலும் போட்டார். போட்டுவிட்டு என்னிடம் வந்து காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். பள்ளி திறக்கும் வாரத்தில் கைவிட்ட கம்பெனியோடு யார் இருப்பார்கள்?

மறுநாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், பள்ளிவாசல் சாலை அண்ணன் வந்தார். கையில் ஒரு பெரிய டிஃபன் கேரியர். வார்டு வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து, என்னைக் கண்டதும் நேரே வந்தார்.

“நண்டு சூப்பு. டிங்கிக்கு இதுதான் மருந்து. டாக்டர் என்ன சொன்னாலும் இதக் குடி.” கட்டில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்த மேனேஜர்…”

“நான்தாண்ணே.”

“கண்ணு இல்லன்னு சொன்னனே.”

“ஆமாண்ணே.”

“அன்னைக்கு ஒரு நாளு, கழுத மேய்க்கத்தான் லாயக்குன்னு சொன்னேன்.”

“அதுவும் நான்தாண்ணே.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் எலும்பெல்லாம் வலித்தது. அவரும் சிரித்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, “மொதல்லயே சொல்லியிருந்தா நான் கொஞ்சம் மெதுவா ஏசியிருப்பேன்லா,” என்றார். போகும்போது என் கணவரின் தோளைத் தட்டி, “வேன் வேலைய நாங்க பாத்துக்குறோம், நீங்க இவங்களப் பாருங்க,” என்றார்.

பார்த்துக்கொண்டார்கள். அதை எனக்குப் பிறகுதான் முழுதாகச் சொன்னார்கள். வேன் அக்கா பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளி வாசலிலேயே வேனை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வேன்காரராகக் கூப்பிட்டு, புதுப் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தமிழில், மலாயில், பசார்ச் சந்தையில் கற்ற ஹொக்கியன் சீன மொழியில். சாயங்காலமானால் பப்பாளி இலைச் சாறு பிழிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார். அந்தக் கசப்பை நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, அன்றைய வேன் செய்தியைச் சொல்லமாட்டேன் என்று அடம்பிடிப்பார். “நீ கம்ப்யூட்டர நெனைக்காத. தூங்கு.”

ஒரு வேலையை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லை. பள்ளி முடித்த பிள்ளைகளை நீக்கும் வசதி வேன்காரர்களிடம் இல்லை. பள்ளி திறக்கும் வாரத்தில் நானே உள்ளே போய்க் கையால் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் தினமும் ‘நாளை வரவில்லை’ என்று அமுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு பக்கத்தைத் திறந்தபோது, பினாங்கில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததுபோல் இருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று புரிந்ததும், கணவர் பயந்து ஓடிவரும் அளவுக்கு அழுதேன். எனக்கு உடம்பு தேறியதும் செய்த முதல் வசதி அந்த நீக்கும் பொத்தான்தான்.

இரண்டு பேர் விலகிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒருவர் போகும்போது, நல்லபடியாக இருக்கச் சொல்லித்தான் போனார். மற்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இணையப் பக்கத்தில் ‘எங்கள் குழு’ என்ற வரியை எடுத்துவிட்டு, என் படத்தைப் போட்டு, ‘இதைச் செய்வது நான். கூப்பிட்டால் நானே பேசுவேன்’ என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு.

வருடம் முடிந்தது. ஆனது ஆகாதது பற்றிக் கணவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். என் பழைய சம்பளம் அளவுக்கு இல்லை, ஆனால் வீட்டுக்குப் போதும், இன்னும் வளரும் என்றேன். “அப்ப செய்யி,” என்றார். அவ்வளவுதான் எங்கள் ஆண்டுக் கூட்டம். அதற்கடுத்த ஆண்டு, முழங்கால் வலியால் அக்கா பிற்பகல் ஓட்டத்தை வேறொருவருக்குக் கொடுத்தபோது, மத்தியானங்களில் வாடிக்கையாளர் அழைப்புகளை அவரே எடுக்கிறாரா என்று கேட்டேன். இந்த முறை சம்பளப் பேச்சில் நான் உடனே சரி சொல்லவில்லை. அவருக்கு அதில் பெருமை.

தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த நிரல்மொழி, எந்த சர்வர், எப்படி விளம்பரம் என்றுதான். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் என் கையில் இருந்த மூலதனம் பணம் மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும். கேள்வி கேட்காத ஒரு வருடம், வெட்கமில்லாமல் குறை சொன்ன மனிதர்கள், கசப்பான ஒரு கோப்பைச் சாறு. இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

போன தீபாவளிக்கு வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தோம். வாடிக்கையாளர் எல்லாரையும் அழைத்தேன். சிலர்தான் வருவார்கள் என்று நினைத்தேன். முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஜாகா, அதாவது வாசல் காவலாளி, அழைத்தார், கொஞ்சம் பதற்றத்தோடு. பால்கனியில் எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு வேன், அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும். சாலை வளைவு வரைக்கும் பள்ளி வேன்கள். குடும்பம் குடும்பமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், இன்னைக்கு லீவுதானே?” என்று மலாயில் கேட்டார் ஜாகா. “பள்ளிக்கூடத்த இங்க மாத்திட்டாங்களா?”

எல்லாரையும் உள்ளே விடச் சொன்னேன். பிறகு அடுப்பில் இன்னொரு பானை சோறு வைக்கப் போனேன்.